43 இன்ச் ஸ்மார்ட் டிவி: படத்துக்கு ஐந்து நட்சத்திரம், மற்றதுக்கு ஒன்றரை

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. 2024 மே லீவுக்கு வந்த அக்கா மகன் பாட்டிக்காக எழுதியது. கணக்கு நோட்டில் கிழித்த தாள், நீல பால்பாயிண்ட், மேலே குறுக்காக செல்லோடேப். ஏழு வரி. சிவப்பு பட்டனை அமுக்கவும். படம் வரும்வரை எதையும் தொட வேண்டாம். மேல் அம்பு இரண்டு தடவை. வலது அம்பு மூன்று தடவை. நடு பட்டன். பட்டியலில் எச்டிஎம்ஐ 1 (கேபிள் பெட்டியின் வயர் செருகியிருக்கும் இடம்). இனிமேல் கேபிள் ரிமோட்டை எடுத்துக்கொள்ளவும் பாட்டி. இத்தனையும் எதற்கு என்றால் சன் டிவியில் சீரியல் பார்க்க.

அந்தச் சீட்டு ஏழு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆபீஸில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். "சீட்டுல இருக்கிற மாதிரியேதான்டா அமுக்கினேன், எவனோ துப்பாக்கியத் தூக்கிட்டு வர்றான்." விஷயம் என்னவென்றால், முந்தின நாள் ராத்திரி டிவி யாரையும் கேட்காமல் தன்னை அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. இன்புட் மாற்றும் ஐகான் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் ஏதோ ஒரு வெப் சீரிஸின் விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே இரண்டு, வலது மூன்று, நடு பட்டன் என்று அம்மா சரியாகத்தான் போயிருக்கிறார், டிவிதான் நகர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் அந்த ரிமோட்டைத் தொடப் பயப்பட ஆரம்பித்தார், நான் வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து "டிவியப் போட்டுக் குடு" என்று கேட்க ஆரம்பித்தார். இதில்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

அதனால் இந்த ரிவ்யூ. 2023 தீபாவளிக்கு வாங்கினேன், 27,990 ரூபாய், 43 இன்ச், 4கே. பெட்டியைப் பிரித்த ஒரு வாரத்தில் ரிவ்யூ எழுதுகிறவர்கள்தான் அதிகம், அந்த ஒரு வாரத்தில் எல்லா டிவியும் நல்ல டிவிதான். இது இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடின பிறகு எழுதுவது. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அதை விட்டுவிட்டுப் பக்கத்து டிவியை வாங்குவீர்கள், கடையில் பக்கத்து டிவியையும் தட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கேயும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. படம் அருமை. இந்த விலைக்கு இவ்வளவு நல்ல திரை கிடைக்கும் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கறுப்பு ஓரளவு கறுப்பாகவே இருக்கிறது, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் வெளுக்கும், எங்கள் ஹாலில் அப்படி உட்காருவது நான் மட்டும்தான், பரவாயில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் எச்டிஆர் என்று போட்டிருக்கும், ஒரே காட்சியில் வெளிச்சமும் இருட்டும் தெளிவாகத் தெரியவைக்கும் நுட்பம் அது, அதை நம்பி வாங்காதீர்கள். எச்டிஆர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் திரைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், இந்த விலையில் அந்த வெளிச்சம் வராது.

வாங்கி வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருக்கும் 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' அல்லது 'மூவி' மோடில் வையுங்கள். முதல் நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பழைய மோடுக்குப் போனால் எல்லார் முகமும் நீலம் பாரித்துத் தெரியும். அடுத்தது, அசைவை வழுக்கலாக்கும் வசதி ஒன்று பல டிவிகளில் ஆனில் வரும், பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விநாடிக்கு 24 பிரேம் உள்ள சினிமாவில் இல்லாத பிரேம்களை டிவியே இட்டுக்கட்டிச் செருகுகிற வேலை அது. மணிரத்னம் படம்கூட மெகா சீரியல் மாதிரி தெரிகிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான். அணைத்துவிடுங்கள்.

சத்தம் சுமார். ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது, ஃபேன் சுற்றினால் வசனம் போய்விடும். இரண்டு காலும் டிவியின் இரண்டு கோடியில் இருப்பதால் எங்கள் பழைய ஸ்டாண்டில் நிற்கவில்லை, ஆசாரியை வைத்து ஒரு பலகை போட்டு அகலமாக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் நான் குறையாகவே சொல்ல மாட்டேன். 28 ஆயிரத்துக்கு இவ்வளவுதான் வரும். (இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் லாபம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.)

இனி அந்த ஒன்றரை நட்சத்திரத்துக்கு வருவோம்.

டிவியை மாட்ட கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசுகூட இருக்காது, ஒரு நாளைக்குப் பத்து வீடு போக வேண்டும் போல, பைக் ஹெல்மெட்டைக்கூட கையிலேயே மாட்டியிருந்தான். டிவி ஆன் ஆனதும் வரிசையாகத் திரைகள். மொழி, வைஃபை, அப்புறம் விதிமுறைகள். ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து பக்கம், ஒவ்வொன்றிலும் பளிச்சென்ற நீலத்தில் 'ஏற்கிறேன்', அதன் கீழே சாம்பலில் சாம்பலாக இன்னொரு பட்டன். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் டக் டக் டக்கென்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டான். என்ன தம்பி அது என்று கேட்டேன். "இதெல்லாம் ஓகே குடுத்தாத்தான் சார் டிவியே வரும்." வைஃபை பாஸ்வேர்டுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தான்.

என்ன ஓகே கொடுத்தான் என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. துப்பாக்கிக்காரன் வந்த அன்றைக்குத்தான் செட்டிங்ஸில் உள்ளே உள்ளே போய்ப் பார்த்தேன். நாலாவது அடுக்கில் ஒரு வரி, நாங்கள் பார்ப்பதை வைத்து எங்களுக்கேற்ற விளம்பரம் காட்ட அனுமதி என்று, ஆனில் இருந்தது. அதை ஆன் செய்தது நானில்லை, அம்மா இல்லை, அந்தப் பையன். நியாயமாகப் பார்த்தால் அவனும் இல்லை.

இது என்ன சங்கதி என்று படிக்கப் படிக்கத்தான் தலை சுற்றியது. டிவிக்குள் ஏசிஆர் என்று ஒரு நுட்பம் உண்டு. திரையில் ஓடுகிற படத்திலிருந்தும் சத்தத்திலிருந்தும் கொஞ்சத்தை மட்டும் எடுத்து, கைரேகை மாதிரி ஒரு குறியாக மாற்றி, சர்வருக்கு அனுப்பும். அங்கே ஏற்கனவே ஏகப்பட்ட நிகழ்ச்சிகளின் கைரேகை இருக்கும், ஒப்பிட்டால் இந்த வீட்டில் இந்த நிமிஷம் இன்னது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது, படம் எங்கிருந்து வருகிறது என்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. கேபிள் பெட்டி, லேப்டாப், எதுவானாலும் திரைக்கு வந்துவிட்டால் சரி. 2024-இல் லண்டன், மாட்ரிட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வைத்துச் சோதித்தார்கள். லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி டிவியை வெறும் மானிட்டராக வைத்திருந்தபோதும் இந்த வேலை நடந்தது. அதே டிவியில் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்பைத் திறந்தால் நடக்கவில்லை. பெரிய கம்பெனியின் சரக்கென்றால் கொஞ்சம் மரியாதை போல. ஒரு நல்ல செய்தியும் அதில் இருந்தது. செட்டிங்ஸில் போய் அணைத்தால் உண்மையாகவே நின்றுவிடுகிறது.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்களில் பேர்போனது விசியோ என்ற அமெரிக்கக் கம்பெனி. 2014 பிப்ரவரியிலிருந்து 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் விநாடிக்கு விநாடி இந்தக் கைரேகையை எடுத்து, அதோடு வீட்டில் உள்ளவர்களின் வயசு, வருமானம் மாதிரி விவரங்களைச் சேர்க்க வழிசெய்து, வெளியாருக்கு விற்றிருக்கிறார்கள். டிவியில் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. பெயரைப் பார்த்தால் ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லை? 2017 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்குமாக 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். டிவி ஒன்றுக்குக் கணக்குப் பண்ணிப் பாருங்கள், 20 சென்ட். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2021-இன் மூன்றாம் காலாண்டில் அந்தக் கம்பெனி டிவி உள்ளிட்ட சாமான்களை விற்றுப் பெற்ற மொத்த லாபம் 2.56 கோடி டாலர், விளம்பரம், தகவல் வகையறாவில் பெற்றது 5.73 கோடி டாலர். டிவி விற்பதைவிட டிவி பார்ப்பவரை விற்பதில் இரண்டு மடங்குக்கு மேல். 2024-இல் வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிப் போட்டுவிட்டது. பலசரக்குக் கடைக்கு டிவி கம்பெனி எதற்கு என்று கேட்காதீர்கள், மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்.

இதே விசியோவின் தொழில்நுட்பத் தலைவர் 2019-இல் ஒரு பேட்டியில் ஒளிவுமறைவில்லாமலே சொன்னார், டிவி வியாபாரத்தில் லாபம் 6 சதவீதம்தான், அதனால் விற்ற பிறகு அந்த டிவியிலிருந்து காசு பார்க்க வேண்டியிருக்கிறது என்று. நேர்மையான மனுஷன். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது, ஏனென்றால் நம் ஊர் ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

விலை குறைந்ததற்கு விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு, அது அரைகுறை. சீனாவில் பிஓஇ, சிஎஸ்ஓடி மாதிரி கம்பெனிகள் டிவியின் திரையான பேனலைச் செய்ய பிரம்மாண்டமான ஆலைகளைக் கட்டி விலையை அடித்து இறக்கிவிட்டன, பெரும்பங்கு அங்கேதான். அதனால் "விளம்பரம் இல்லையென்றால் இந்த டிவி 50 ஆயிரம் ஆகும் சார்" என்று யாராவது கதை விட்டால் தலையாட்டாதீர்கள்.

சரி, விளம்பரம் வந்தால்தான் என்ன, யூடியூபில் பார்க்கவில்லையா என்று தம்பி கேட்டான். யூடியூப் எனக்கு இலவசமாகக் கிடைக்கிறது, விளம்பரம் போடட்டும், நியாயம். 27,990 ரூபாய் எண்ணி வைத்து என் வீட்டுச் சுவரோரம் நிறுத்திய பொருளில், என் கரண்டில், முதல் திரையின் முக்கால்வாசியை வேறு யாருக்கோ வாடகைக்கு விடுவது எப்படி நியாயம்? வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி நடுஹாலில் ஜவுளிக்கடை போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா? அம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: "டிவியப் போட்டா கடை விரிக்கிறான்."

இதில் என்னை அதிகம் உறுத்துவது விளம்பரத்தைவிட, வாங்கின பிறகு பொருள் மாறிக்கொண்டே இருப்பதுதான். கடையில் நான் பார்த்த முகப்பில் விளம்பரம் ஒரு பட்டைதான். எட்டு மாதத்தில் அது பாதித் திரை ஆயிற்று, அப்புறம் தானாக ஓடும் வீடியோ ஆயிற்று. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வேகம் குறைந்தது. 2 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ், அதில் பாதியை டிவியே சாப்பிட்டுவிடும், மீதியில் நான் கேட்காத ஆப்கள், நீக்க முயன்றால் 'நீக்கு' பட்டனே இருக்காது. இன்றைக்கு ஆன் செய்து முகப்பு வர 38 விநாடி ஆகிறது, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று தடவை பார்த்தேன். வால்யூமை அமுக்கினால் சத்தம் அடுத்த விநாடி ஏறுகிறது, நாம் திரும்ப அமுக்க, தெருவே கேட்கிற மாதிரி அலறுகிறது.

எங்கள் வீட்டு முதல் டிவி ஒரு சாலிடேர், கறுப்பு வெள்ளை, மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர். அதற்குப் பூட்டுகூட உண்டு. பரீட்சை நேரத்தில் அப்பா பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அதில் படம் இப்போதைய படத்தின் கால்தூசி பெறாது, ஆன்டெனாவைத் திருப்ப மொட்டைமாடிக்கு ஓட வேண்டும், பழசு எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஷட்டர் சாவி அப்பாவிடம் இருந்தது.

கம்பெனிக்காரன் கையில் சாவி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரோகு என்ற ஸ்மார்ட் டிவி கம்பெனி செய்ததைப் பார்த்தால் போதும். வழக்கு போடுவது சம்பந்தமான விதிமுறையை மாற்றிவிட்டு, ஒரு நாள் டிவியைப் போட்டால் திரை முழுக்க அந்த அறிவிப்பு. ஏற்கிறேன் என்று அமுக்கும்வரை டிவி வேலை செய்யாது. வேண்டாம் என்கிறவர் தபாலில் கடிதம் எழுதிப் போட வேண்டுமாம், தபாலில்! 2025 டிசம்பரில் எல்ஜி டிவிகளில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டின் ஐகான் அப்டேட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது, நீக்க வழியில்லை, சத்தம் கிளம்பின பிறகுதான் நீக்க வழி செய்கிறோம் என்றார்கள். அதே மாதம் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல் சாம்சங், எல்ஜி, சோனி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்து பேர் மீதும் இந்தக் கைரேகை விவகாரத்துக்காக வழக்கு போட்டார். ஐந்து பெயரையும் திரும்பப் படியுங்கள். கடையில் நீங்கள் பார்க்கப்போகும் சுவரில் பாதி அதுதான்.

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது, அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆண்ட்ராய்டு டிவி விஷயத்தில் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. புகார் என்னவென்றால், ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் சேர்த்து வைத்தே ஆக வேண்டும், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்து வேறு மாதிரி டிவி செய்யவும் கூடாது என்று கம்பெனிகளைக் கட்டிப்போடுகிறார்கள் என்பது. 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய் கட்டி சமரசம் செய்துகொண்டது கூகுள். இனி இந்தியாவில் ப்ளே ஸ்டோரைத் தனியாகவும் உரிமம் வாங்கிக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் இது டிவி கம்பெனிக்குக் கிடைத்த விடுதலை, என் அம்மாவுக்குக் கிடைத்தது இல்லை. டிவி கம்பெனி தன் முகப்பைத் தானே வைத்துக்கொண்டால் விளம்பரம் குறையும் என்று நினைக்கிற அளவுக்கு நான் வெகுளி இல்லை.

அம்மாவுக்கு உபயோகப்படக்கூடியது 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்றால் தெரிந்து, மனமொப்பி, எதற்கு என்று குறிப்பாகத் தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்கிறது சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். வரட்டும். அன்றைக்கு ஹெல்மெட் மாட்டின கையோடு ஒருவன் டக் டக்கென்று அமுக்குவது யாருடைய சம்மதம் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

அதுவரை என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஃபேக்டரி ரீசெட் அடித்தேன். வைஃபை கேட்ட இடத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று தாண்டிப் போனேன், எல்லா 'ஏற்கிறேன்'-க்கும் சாம்பல் பட்டனைத் தேடி அமுக்கினேன், தாண்டவே விடாத ஒன்றே ஒன்றை மட்டும் ஏற்றேன். பிறகு செட்டிங்ஸில் துழாவினதில், ஆன் ஆனதும் கடைசியாக இருந்த இன்புட்டுக்கே போ என்று ஒரு வசதி, கம்பெனி அதை 'மேம்பட்ட அமைப்புகள்' என்ற தலைப்பில் புதைத்து வைத்திருந்தது. இப்போது சிவப்பு பட்டனை அமுக்கினால் நேராக கேபிள் பெட்டி. ஏழு வரிச் சீட்டு ஒரு வரியாயிற்று. முகப்பே வராததால் 38 விநாடியும் 11 ஆகிவிட்டது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு, கூகுள் டிவி போட்ட செட் என்றால் முதல் அமைப்பிலேயே 'பேசிக் டிவி' என்று ஒரு வழி இருக்கிறது, இணையமே இல்லாமல் வெறும் டிவியாக ஓடும், பின்னால் மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். இன்ஸ்டலேஷன் ஆள் வருவதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள், ரிமோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். இணையம் வேண்டும் என்கிறவர்கள் கணக்கு அமைப்பில் போய் 'ஆப்கள் மட்டும்' என்பதைப் போட்டுக்கொண்டால் முகப்பின் பரிந்துரை வரிசைகள் போகும், மேலே உள்ள பெரிய பேனர் முழுசாகப் போகாது. ஏசிஆரை அணைக்க ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரைத் தேட வேண்டும். சாம்சங்கில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சோனியில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி' என்று இருக்கும். வேவு பார்க்கிற வசதி என்று நேராகப் பெயர் வைத்தால் நமக்குத் தேட வசதியாக இருக்கும், வைக்க மாட்டார்கள்.

அப்போ ஓடிடி? பழைய லேப்டாப் ஒன்றை எச்டிஎம்ஐ 2-இல் மாட்டி, வயர்லெஸ் மவுஸை சோபாக் கையில் வைத்திருக்கிறேன். அழகாக இல்லை, மனைவி ஒரு மாதம் முகம் சுளித்தாள், ஆனால் டிவி விடுகிற அப்டேட்டுக்கு நான் நடுங்க வேண்டியதில்லை. காசு இருக்கிறவர்கள் தனிப் பெட்டி வாங்கலாம். ஆப்பிள் டிவி 4கே முகப்பு ஓரளவு சுத்தம், ஆனால் 2022-இல் வந்தபோதே 14,900 ரூபாய், என் டிவி விலையில் பாதிக்கு மேல். விளம்பரம் இல்லாத முகப்புக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஸ்மார்ட் இல்லாத டிவியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். 32 இன்ச்சில் சின்னக் கம்பெனிகள் சில இன்னும் விற்கிறார்கள். 43-க்கு மேல் நல்ல பேனலில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். "சாதா டிவியா? யார் சார் இப்போ அதெல்லாம் கேக்கறாங்க" என்றார் ஒருவர். நான் கேட்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு 55 இன்ச்சில் ஏஐ போட்ட ஒன்றைக் காட்டினார். அதன் ரிமோட்டில் எண் பட்டன் ஒன்றுகூட இல்லை, ஓடிடி கம்பெனிகளின் பெயர் போட்ட பட்டன் ஆறு இருந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் பெயரில் பட்டன் வைக்க ஆரம்பித்தது 2011-இல், மற்றவர்களும் வரிசையில் வந்துவிட்டார்கள். சன் டிவிக்கு ஒரு பட்டன் வைத்தால் எங்கள் வீட்டில் நாலு பேருக்காவது புண்ணியம் கிடைக்கும்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம், பேனலுக்காக. கேபிளோ டிஷ்ஷோ மட்டும் பார்க்கிற வீடு, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வாங்குங்கள். எல்லாம் டிவியிலேயே நடக்க வேண்டும், ஆப் ஆப்பாகத் தாவ வேண்டும் என்கிறவர்கள் 2 ஜிபி ரேம் உள்ள எதையும் தொட வேண்டாம், ஒன்றரை வருஷத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

வைஃபையை வெட்டினதில் ஒரே ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு தடவை டிவியைப் போடும்போதும் கீழே ஒரு பட்டை வரும், இணைய இணைப்பு இல்லை, இப்போது இணைக்கவா என்று. பத்து விநாடி நிற்கும், போய்விடும். நிரந்தரமாக நிறுத்த வழி இல்லை. முதல் வாரம் முழுக்க அம்மா அதைப் பார்த்துவிட்டு "நெட்டு பில்லு கட்டலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை. அந்தப் பட்டை போகும்வரை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.